தரைக்குக் கீழே ஓட்டை. பழியோ தொழிலாளி தலையில்!



"லயத்து ஜனங்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள். குழாயைத் திறந்து போட்டுவிட்டுக் கதை பேசுகிறார்கள். ஆகவே, அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு 12 வெள்ளி வீதம் சம்பளத்தில் பிடிக்கப்படும்."

எங்கள் தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டுவதற்காக எழுதப்பட்ட அறிவிப்பின் சாரம் இது. இதை நான் எப்படி அறிவேன் என்று கேட்கிறீர்களா? இதைத் தட்டச்சு செய்து தரும்படி பணிக்கப்பட்ட கிராணி நான்தான். செக்ரோலில் ஒரு புதிய கட்டம் போட்டு, பன்னிரண்டு குடும்பங்களின் பெயருக்கு நேரே இந்தப் பிடித்தத்தை எழுத வேண்டிய கையும் என் கைதான். எழுத மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் கேட்டார்கள். அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆபீஸ் அறையில் நாலு பேர் காதில் விழுந்து அடங்கிப் போக வேண்டிய காரணமன்று அது. சிமிந்தித் தரை போட்ட லயங்களில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும், அந்த லயங்களுக்குக் கணக்கெழுதும் ஒவ்வொரு கிராணியும் தெரிந்துகொள்ள வேண்டியது.

தண்ணீர் வீணாகிறது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வீணாக்குவது யார்?

மீட்டர் சொன்ன சாட்சி

எங்கள் லயம் ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு. வரிசையின் தலைமாட்டில் ஒரு மீட்டர். அங்கிருந்து ஒரே குழாய், பன்னிரண்டு வீட்டின் சிமிந்தித் தரைக்கும் கீழே புதைந்து, கடைசி வீடு வரைக்கும் போகிறது. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு கிளை தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதில் ஒரு வால்வு. வால்வுக்கு மேலே குழாய்.

ஓர் இரவு, வீட்டுக்கு வீடு போய்க் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் தங்கள் வால்வை மூடினார்கள். மூடியதை நானும், நம் சங்கக் கிளையின் தலைவரும், ஒரு தண்டலும் சேர்ந்து பார்த்தோம். இரவு 11 மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்தோம். விடியற்காலை 4 மணிக்கு, பெரட்டுக்குக் கிளம்புமுன், மீண்டும் குறித்தோம். பன்னிரண்டு வால்வும் மூடியபடியே இருந்தன. மீட்டரோ 900 லிட்டர் ஓடியிருந்தது!

ஐந்து மணி நேரத்தில் 900 லிட்டர் என்றால், நிமிஷத்துக்கு 3 லிட்டர். ஒரு நாளைக்கு 4,320 லிட்டர். இருநூறு லிட்டர் பீப்பாயில் நிரப்பினால் இருபத்தொரு பீப்பாய் நிரம்பி, மேலும் மீதி நிற்கும். முப்பது நாளைக்கு ஏறக்குறைய 130 கன மீட்டர். எல்லாரும் வால்வை மூடிவிட்டு உறங்குகையில் ஓடும் தண்ணீர் இது! உறங்குகிறவன் எப்படி வீணாக்குவான்? கதை பேசுகிறவள் எந்தக் குழாயைத் திறந்து போட்டாள்?

இந்தச் சோதனையின் நயத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். வால்வுக்கு மேலே உள்ள குழாய் சொட்டலாம். கக்கூஸ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகலாம். அவை வீட்டுக்காரர் பொறுப்பு என்று வாதாடவும் இடமிருக்கிறது. ஆனால் வால்வை மூடிவிட்டால் அவை எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் மீட்டர் ஓடுமானால், தண்ணீர் போகும் வழி மீட்டருக்கும் வால்வுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் எங்களுக்குக் குழாயும் இல்லை, கையும் எட்டாது. அங்கே இருப்பது சிமிந்தித் தரை. தரையைப் போட்டவர்கள் நாங்களல்ல.

இதற்கு இஞ்சினீயர் படிப்பு தேவையில்லை. மீட்டர் முகத்தில் சின்னஞ்சிறு சக்கரம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் மூடிய பிறகு அது சுற்றுகிறதா, நிற்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் லைட் போதும். அறிவிப்பு எழுதும் முன் நிர்வாகம் இதைச் செய்ததா? இல்லை. தண்ணீர் பில்லைப் பார்த்தது, லயத்தைப் பார்த்தது, தீர்ப்பு எழுதிவிட்டது.

ஈரம் தெரியும் இடம் வேறு. ஓட்டை இருக்கும் இடம் வேறு

எட்டாம் வீட்டுப் பாட்டி ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் மரம் சீவியவர். "கிராணித் தம்பி, என் பாய் தினமும் நனைஞ்சு போகுது. மழையும் இல்லே, கூரையும் ஒழுகலே. தரை தானா வேர்க்குது" என்று அவர் என்னிடம் சொல்லிப் பல மாதம் ஆகிறது. அதை நான் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். கொத்தனார் வந்தார். வெடித்திருந்த தரையைக் கொத்தி, அரை மூட்டைச் சிமிந்தி குழைத்துப் பூசிவிட்டுப் போனார். இரண்டே வாரத்தில் பாய் மறுபடியும் நனைந்தது. மறுபடியும் பூசினார்கள். அப்புறம் ஈரம் ஏழாம் வீட்டில் தெரிந்தது. அங்கேயும் பூசினார்கள்.

மரம் வெட்டும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? கோட்டில் வழியும் பால் அந்தக் கோட்டிலேயே ஊறியதா? மேலும் கீழும் உள்ள பட்டையிலிருந்து இழுக்கப்பட்டு, வெட்டு விழுந்த இடத்தில் வெளியே வருகிறது. தரைக்குக் கீழே ஓடும் தண்ணீரும் அப்படித்தான். குழாய் புதைத்த பள்ளம் இளகிய மண். தண்ணீர் அதன் வழியே ஓடி, தரையில் எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே தலை நீட்டும். எட்டாம் வீட்டில் ஈரம் என்பதால் எட்டாம் வீட்டில் ஓட்டை என்று முடிவு கட்டுவது மடமை. விரிசலின் வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வாய் தேடும். ஓட்டையோ அடைபடாமலே கிடக்கும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒழுகுவது நல்ல தண்ணீரா, கழிவு நீரா என்று பிரித்தறிய வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. ஆகவே இரவும் பகலும் ஒழுகும், மீட்டரும் ஓடும். கழிவுக் குழாய் நாம் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஒழுகும். மீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழிவுக் குழாயில் சந்தேகம் இருந்தால், அதன் கீழ் முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது, குழாயைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். எங்கள் வரிசையில் ஆறாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் நடுவே, மண்ணில் புதைந்து, ஒரு பழைய வால்வு கிடந்தது. அதைத் தோண்டியெடுத்து மூடினோம். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, வேகமும் குறையவில்லை. அதாவது, ஓட்டை முதல் ஆறு வீட்டுக்குள்! எட்டாம் வீட்டிலும் ஏழாம் வீட்டிலும் பூசிய சிமிந்தி அத்தனையும் வீண் என்பது ஒரு வால்வைத் திருப்பியதும் தெரிந்துபோயிற்று.

மூன்றாவது, காது கொடுத்துக் கேட்பது. ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு பீறிடும் தண்ணீர் சும்மா போவதில்லை, சீறிக்கொண்டு போகிறது. அந்தச் சீறல் குழாயின் இரும்பு வழியாக நடக்கும். ஊர் அடங்கிய நேரத்தில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதோரமும் வைத்து, வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு போனால், சத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று தெரியும். ஐந்தாம் வீட்டில் சத்தம் பலமாக இருந்தது.

இது நம் கையில் இருப்பதைக் கொண்டு செய்யும் வழி. காசு உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழிகள் இன்றைக்கு உண்டு. தரை மீது வைத்தால் அடியிலுள்ள சீறலைப் பெருக்கிக் காட்டும் மின்கருவி இருக்கிறது. குழாயை வடித்துவிட்டு, நூற்றுக்கு 5 பங்கு ஹைட்ரஜனும் 95 பங்கு நைட்ரஜனும் கலந்த, தீப்பிடிக்காத வாயுவை உள்ளே செலுத்தினால், மிக இலேசான ஹைட்ரஜன் சிமிந்தித் தரையையும் ஊடுருவி மேலே வரும். மோப்பக் கருவி அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இத்தனை வசதி இருக்கும் காலத்தில், ஈரம் கண்ட இடமெல்லாம் கொத்துவதும் பூசுவதும் வைத்தியமா? வைத்தியம் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று!

குழாய் ஏன் செத்தது?

கடைசியில், சங்கக் கிளை எழுத்து மூலம் கேட்டுக்கொண்ட பிறகு, வெளியூர்க் குழாய்க்காரர் ஒருவரை நிர்வாகம் வரவழைத்தது. ஐந்தாம் வீட்டு அடுப்படியில், நாங்கள் சுண்ணாம்பால் குறி போட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளி, ஓட்டை அகப்பட்டது. வெளியே எடுத்த குழாய்த் துண்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாகப் பூச்சு கரைந்துபோய், துரு தின்று, விரலால் அழுத்தினால் பொடியாகிறது. இது எங்கள் பெண்கள் குழாயைத் திறந்து போட்டதால் வந்த துருவா?

நாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு ஓர் ஆயுள் உண்டு. ஈரமும் புளிப்பும் உள்ள மண்ணில் அந்த ஆயுள் குறையும். அதிலும் ஒரு விசேஷம் கவனியுங்கள். சிமிந்திக்குள் பதிந்திருக்கும் இரும்பைச் சிமிந்தியின் காரத்தன்மை காப்பாற்றுகிறது. அதே குழாய் சிமிந்தியை விட்டு ஈர மண்ணுக்குள் இறங்கும்போது, சிமிந்திக்குள் இருக்கும் பகுதியும் மண்ணில் இருக்கும் பகுதியும் ஒரு பேட்டரியின் இரண்டு முனைபோல் ஆகிவிடுகின்றன. மண்ணில் உள்ள பகுதி வேகமாகக் கரைகிறது. ஆகவேதான், குழாய் சிமிந்தியை விட்டு வெளியேறும் வாயிலேயே துரு அதிகம். பித்தளை வால்வை நேரே இரும்புக் குழாயில் முடுக்கினாலும் இதே கதைதான், இரும்புதான் பலியாகும்.

குழாய் தரையைத் துளைத்து வரும் இடத்தில் அதைவிடப் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போட்டு, நடுவே இடம் விட்டிருந்தால், மண் சற்றே தாழ்ந்தாலும் தரை குழாயை நசுக்காது. எங்கள் லயத்தில் உறையும் இல்லை, இடமும் இல்லை. சிமிந்தியை அப்படியே குழாயின் கழுத்தைச் சுற்றி ஊற்றியிருக்கிறார்கள். குழாயைப் புதைத்தவர்கள், அது ஒருநாள் கெடும், கெட்டால் எடுக்க வேண்டும் என்று எண்ணவே இல்லை. ஆள் குடியிருக்கும் தரைக்கு அடியில், திறக்க வழியில்லாமல், தண்ணீர்க் குழாயைப் புதைத்ததுதான் முதல் குற்றம். மற்றவையெல்லாம் அதன் வாரிசுகள்.

இரவில் தண்ணீரை மூடும் மகா யோசனை

ஐந்தாம் வீட்டில் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப் போட்டார்கள். மீட்டர் நின்றது. மூன்று மாதம் நிம்மதி. பிறகு மறுபடியும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒன்பதாம் வீட்டுப் பக்கம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே நாளில், ஒரே மண்ணில் புதைத்த குழாய் ஓரிடத்தில் அழுகினால், மற்ற இடங்களில் மட்டும் பொன்னாக இருக்குமா?

இப்போதுதான் நிர்வாகத்துக்கு ஒரு மகா யோசனை உதித்தது. இரவு 8 மணிக்குத் தலைமாட்டு வால்வை மூடி, காலை 5 மணிக்குத் திறந்தால் தண்ணீர் மிச்சமாகுமாம்! பால்வெட்டுக்குப் போகிறவள் காலை 4 மணிக்கு எழுந்து உலை வைக்க வேண்டும் என்பதை யோசித்தவர்களுக்கு யார் சொல்வது? அது போகட்டும். பானையில் பிடித்து வைத்துச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத ஆபத்து ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது.

குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது. அழுத்தத்தை நிறுத்திவிட்டால்? குழாயில் இருந்த தண்ணீர் வடிந்து போகும். வெளியே ஊறிக் கிடக்கும் சேறும், பக்கத்துக் கழிவுக் குழாய் கசிந்தால் அந்த அழுக்கும், அதே ஓட்டை வழியாக உள்ளே புகும். காலையில் வால்வைத் திறந்தவுடன் அந்தக் கலவைதான் முதலில் அடுப்படிக்கு வருகிறது. இரவில் மூட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே காலைத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. ஒரு தாய் அதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்து, "ஐயா, இதை நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டார். என் மேஜைமேல் வைத்த போத்தலின் அடியில் மண் படிந்தது. யாரும் பதில் பேசவில்லை, பேச முடியவில்லை.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி, குழந்தைகள் குடிக்கும் குழாயைச் சேற்றுக்குத் திறந்துவிடுவது சிக்கனமா? நண்பர்களே, ஒழுகும் குழாயைச் சரிசெய்யும் வரை அதன் அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பதே அறிவுடைமை. மூடித்தான் ஆக வேண்டுமென்றால், திறந்த பிறகு கலங்கல் தீரும் வரை தண்ணீரை விட்டு, அதன் பின்னும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும். அதுகூடச் சொல்லப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. இரவும் பகலும் ஓடும் தண்ணீர் தரைக்குக் கீழுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. அடியில் மண் போன தரை, தாங்க ஆளில்லாத பலகை. முதலில் மயிரிழை விரிசல். பிறகு சுவரில் வெடிப்பு. பிறகு தரை ஓசை எழுப்பும், தட்டினால் குடம்போல் ஒலிக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மின்சாரச் சாமானைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரியான வைத்தியம் எது?

புதிய குழாய், ஒரே ஓட்டை என்றால், அந்த இடத்தை மட்டும் உடைத்துச் செப்பனிடுவது முறை. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். தண்ணீரையும் அந்த அறையின் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். உடைக்கும் இடத்தைத் தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும்; சிமிந்தித் தூசி நெஞ்சுக்கு எமன். குழாயைச் சுற்றிலும் கை புகும்படி மண்ணை எடுத்து, கெட்ட துண்டோடு இருபுறமும் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, புதுத் துண்டு பொருத்த வேண்டும். பிறகு, மூடுவதற்கு முன்பாக, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும். முள் நின்றால்தான் மண் போட வேண்டும். அடியில் மணல், மேலே மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும், கிழிந்த பிளாஸ்டிக் விரிப்பை மீண்டும் ஒட்டவைக்க வேண்டும், உறைக்குழாய் போட வேண்டும், ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் கான்கிரீட் இட்டு, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஐந்தாம் வீட்டில் அழுத்தச் சோதனையும் இல்லை, கெட்டிப்பும் இல்லை. தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி, அன்று மாலையே பூசிவிட்டார்கள்.

ஆனால் பழைய இரும்புக் குழாய், இரண்டாம் ஓட்டை என்றால், உடைப்பது வீண் வேலை. அந்தக் குழாயை இருந்த இடத்திலேயே கைவிட வேண்டும். இரண்டு முனையையும் வெட்டி அடைத்துவிட்டு, லயத்தின் பின்புறம் சுவரோரமாகப் புதிய பாலி குழாய் ஒன்றை இழுத்து, வீட்டுக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு வால்வு என்று கொடுக்க வேண்டும். தரையை உடைக்க வேண்டியதில்லை. குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதில்லை. வெயில் பட்டு நலியாமலும், மண்வெட்டி பட்டு அறுபடாமலும் மறைப்புக் கொடுத்தால் போதும். நாளை ஒழுகினால் கண்ணுக்கு நேரே ஒழுகும். ஒரு ஸ்பேனர் போதும்.

செலவு என்பார்கள். கணக்கு என் தொழில். ஆகவே கணக்காகவே பேசுகிறேன். கொத்தியதும், பூசியதும், மறுபடி கொத்தியதும், வெளியூர் ஆள் வந்த கூலியும், அத்தனை மாதம் மண்ணுக்குள் போன தண்ணீரின் விலையும் ஆக எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். புதுக் குழாய் இழுப்பதற்கு நான் விசாரித்த தொகை அந்தக் கூட்டலுக்குக் கீழேதான் நிற்கிறது. வருஷக்கணக்கில் சிறு சிறு பூச்சு வேலையாகச் செலவழிப்பவர்களுக்கு, ஒரே நாளில் நல்ல வேலைக்குச் செலவழிக்க மனம் வராது. அந்த மனத்தின் கூலியையா நாங்கள் 12 வெள்ளி வீதம் கட்ட வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றியது. 1966ஆம் ஆண்டிலிருந்த பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது அது, 2019இல் திருத்தப்பட்டது. தொழிலாளியை வீடு கொடுத்துக் குடிவைக்கும் முதலாளி, இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், கட்டடத்தை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கடமை விதிக்கிறது. 'இலவசமாக' என்ற சொல்லுக்கு 12 வெள்ளி என்று எந்த அகராதியில் பொருள்?

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24ஆம் பிரிவில், சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்துவிட்டது. அந்த வரையறைக்கு வெளியே ஒரு காசு பிடித்தாலும் சட்ட விரோதம். பிடிக்கச் சொல்கிறவர் துரையாக இருக்கலாம். அதற்காக, எழுதுகிற கிராணி குற்றத்தில் பங்காளி ஆகாமல் தப்பிவிட முடியுமா? என் போன்ற கிராணி நண்பர்களை இங்கே நேருக்கு நேராகக் கேட்கிறேன். "நமக்கேன் வம்பு, சொன்னதை எழுதினோம்" என்று எத்தனை காலம் சொல்லப் போகிறோம்? நம் பேனாவில் ஒரு கட்டம் போட்டால், ஒரு வீட்டில் ஒரு நாள் பால் மாவு குறைகிறது. நாமும் அதே தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறோம்; நம் தரைக்குக் கீழேயும் அதே இரும்புதான் அழுகுகிறது.

"தோட்டம் எப்படியும் ஒரு நாள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போகப் போகிறது, இப்போது எதற்குப் புதுக் குழாய்?" என்று சிலர் காதோரம் சொல்கிறார்கள். நல்ல நியாயம்! விற்கும் நாள் வரைக்கும் மரத்தில் பால் எடுக்காமல் இருக்கிறார்களா? பால் எடுக்கும் நாள் வரைக்கும் பால் எடுப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும். விற்கப் போகிறோம் என்பது சட்டத்திலிருந்து விடுதலைச் சீட்டு அன்று.

நம் பக்கத்துக் குறைகள்

பிறரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் இந்தக் கட்டுரை அரைக் கட்டுரை. நம்மிடமும் குறை உண்டு. அடுப்படியை நீட்டுவதற்காகக் கம்பம் நட, குழாய் எங்கே போகிறது என்று கேளாமல் தரையைத் துளைக்கிறோம். கிளைக் குழாயில் ரப்பர் ஹோஸைச் செருகிக் கம்பியால் கட்டி, வாசலுக்குத் தண்ணீர் இழுக்கிறோம். கக்கூஸ் தொட்டி ஒழுகுவது தெரிந்தும் வாஷருக்குச் சில காசு செலவிடச் சோம்புகிறோம். தரை நனைந்தால் சாக்கை விரித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். புகார்ப் புத்தகத்தில் எழுதச் சொன்னால், "எழுதி என்ன ஆகப் போகிறது, ஐயா?" என்கிறோம். நாம் எழுதாத புகார், நிர்வாகத்துக்கு நாம் தந்த நற்சான்றிதழ். இதை மறக்கக் கூடாது.

புதிதாக வந்திருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களின் விடுதியிலும் இதே குழாய்தான். அவர்களுக்கும் சொல்லுங்கள். தண்ணீருக்கு மொழியில்லை, ஓட்டைக்கும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு தோட்டக் கிளையும் இந்த மாதமே ஓர் இரவைக் குறித்து, லயம் லயமாக வால்வை மூடி, மீட்டரைப் பார்க்க வேண்டும். நேரம், எண், சாட்சிகள் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மீட்டர் ஓடினால், அந்தக் கணக்கை இணைத்து நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால், அதே கணக்கோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு: பூச்சு வேலையை நிறுத்து; பழைய குழாயைக் கைவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் புதுக் குழாய் போடு; அது வரை இரவில் தண்ணீரை மூடாதே; தண்ணீரின் பெயரால் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்காதே!

எங்கள் தோட்டத்தில் அந்த அறிவிப்பு இன்னும் பலகையில் ஏறவில்லை. தட்டச்சு செய்ய வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. தேடட்டும். அப்படி ஓர் ஆள் கிடைப்பாரானால், அவர் முதலில் எட்டாம் வீட்டுப் பாட்டியின் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தட்டச்சுப் பொறியில் கை வைக்கட்டும். அழுகிய துண்டுக் குழாய் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தொழிலாளர் இலாகா அதிகாரியின் மேஜைமேல் அதை வைக்கும் நாள் வந்தால், வீணாக்கியது யார் என்று அதுவே சொல்லும்.

அந்த நாள் வரை, ஒவ்வோர் இரவும் 11 மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்போம். நீங்களும் எழுதுங்கள்!